மருத்துவம் நாடும் மாணவர்க்கு இளங்கலைக் கல்வியே அடித்தளம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



தம் பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று ஒருமுறையேனும் எண்ணாத பெற்றோர் சிங்கப்பூர், மலேசியத் தமிழரிடையே குறைவு. அவ்வெண்ணம் உயர்ந்ததே. ஆயினும் எண்ணத்துக்கும் ஈடேற்றத்துக்கும் இடையே நீண்டதொரு பாதை இருக்கின்றது. அப்பாதையில் அறிவுக் கூர்மை இல்லாதவர்களே பின்தங்குகின்றனர் என்று பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. பள்ளியில் முதல் மாணவராய் விளங்கியவர் பல்கலைக்கழகத்தின் முதற்பருவத்திலேயே தளர்ந்துபோவதும், பள்ளியில் நடுத்தரமாய் இருந்தவர் நாளடைவில் முன்னேறி மருத்துவக் கல்லூரியை எட்டுவதும் உண்டு. இவ்விருவரையும் வேறுபடுத்துவது எது என்பதே இவ்வுரையின் பொருள். குறிப்பாக, இளங்கலைப் பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்வியில் நுழையும் அமெரிக்க முறையை நாடுவோர் அறிந்திருக்க வேண்டியவை இங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

இரு வழிகள்

மருத்துவக் கல்விக்குச் செல்ல இரு வழிகள் உள. பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றும் நாடுகளில், பள்ளி இறுதித் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்ற மாணவர் நேரே மருத்துவப் படிப்பில் சேர்கின்றார். 1905ஆம் ஆண்டில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததாகிய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியிலும், கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இம்முறையே உள்ளது. இங்கே ஏ நிலைத் தேர்வும் எஸ்.டி.பி.எம். தேர்வும் ஏறத்தாழ வாழ்வின் போக்கையே முடிவு செய்துவிடுகின்றன.

அமெரிக்க மரபு வேறு. அங்கே முதலில் நான்காண்டு இளங்கலைப் பட்டம். அதன் பின்னர் நான்காண்டு மருத்துவப் படிப்பு. 1893இல் பால்டிமோர் நகரில் தொடங்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி, பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்வது என்னும் விதியை வகுத்தது. அக்காலத்தில் அது புதுமையான விதி. பின்னர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்னும் கல்வியாளர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து, 1910இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பள்ளிக் கல்வியைக்கூட முடிக்காதவர்களைப் பணம் பெற்றுக்கொண்டு சேர்த்த பள்ளிகள் பல இருந்ததை அவர் வெளிப்படுத்தினார். மருத்துவம் பயில்வோர் அதற்கு முன்பாகவே இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைக் கல்லூரி அளவில் கற்றிருக்க வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. இன்றைய மாணவர்கள் நள்ளிரவு வரை கண்விழித்துப் படிக்கும் வேதியியலும் இயற்பியலும் அப்பரிந்துரையின் வழிவந்தனவே.

இவ்வழி இப்போது இவ்வட்டாரத்துக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் 2005இல் இணைந்து உருவாக்கிய டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி, ஊட்ரம் வளாகத்தில் 2007இல் தன் முதல் மாணவர் அணியைச் சேர்த்தது. பட்டதாரிகளுக்கு மட்டுமே அங்கே இடம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகமும் 2011 முதல் பட்டதாரிகளுக்குரிய மருத்துவப் பட்டப்படிப்பை நடத்தி வருகின்றது. ஆகவே, ஏ நிலைத் தேர்விலோ எஸ்.டி.பி.எம். தேர்விலோ ஓரிரு புள்ளிகளில் வாய்ப்பிழந்த மாணவருக்கு மருத்துவக் கதவு என்றென்றைக்கும் மூடிவிடுவதில்லை. இன்னொரு கதவு சில ஆண்டுகள் கழித்துத் திறக்கின்றது. அக்கதவின் திறவுகோல் இளங்கலைப் படிப்பில் பெறும் தேர்ச்சியே.

முன்மருத்துவம் ஒரு பட்டமன்று

அமெரிக்காவுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் சிலர், முன்மருத்துவம் என்பதை ஒரு தனிப் பட்டப்படிப்பு என எண்ணுகின்றனர். அவ்வாறன்று. மாணவர் எப்பாடத்தை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாகக் கொள்ளலாம். அதனோடு, மருத்துவப் பள்ளிகள் எதிர்பார்க்கும் சில பாடங்களையும் முடித்திருக்க வேண்டும். பொதுவாக, செய்முறை வகுப்புகளுடன் கூடிய உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை ஓராண்டு வீதமும், உயிர்வேதியியல் ஒரு பருவமும் கேட்கப்படும். கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், உளவியல் முதலியவற்றைக் கேட்கும் பள்ளிகளும் உண்டு. பள்ளிக்குப் பள்ளி இது மாறுவதால், விண்ணப்பிக்க எண்ணும் பள்ளிகளின் பட்டியலை முதலாண்டிலேயே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

முதன்மைப் பாடம் உயிரியலாகத்தான் இருக்க வேண்டும் என்னும் எண்ணமும் பிழையானதே. புற்றுநோயை உண்டாக்கும் மரபணுக்களின் தோற்றம் பற்றிய ஆய்வுக்காக 1989இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஜே. மைக்கேல் பிஷப்புடன் பகிர்ந்துகொண்ட ஹெரால்டு வார்மஸ், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். அதே பாடத்தில் ஹார்வர்டில் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளி அவரை இருமுறை ஏற்க மறுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. பின்னாளில் அவர் அமெரிக்கத் தேசியச் சுகாதார ஆய்வுக் கழகங்களின் தலைவராகவும் விளங்கினார். தமக்குப் பிடித்த பாடத்தை ஆர்வத்தோடு பயிலும் மாணவர் அதில் நல்ல தேர்ச்சி பெறுகின்றார். பிடிக்காத பாடத்தை மருத்துவத்துக்காகவே சுமப்பவர் இரண்டையும் இழக்க நேரிடலாம்.

தரப்புள்ளிகளின் கணக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் பெறும் தரம் 4.0 என்னும் உச்ச அளவையில் கணக்கிடப்பட்டுச் சராசரி எடுக்கப்படும். மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு, இச்சராசரியை இருவகையாகக் காட்டுகின்றது. ஒன்று எல்லாப் பாடங்களுக்கும் உரியது. மற்றொன்று உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. எனவே, எளிய பாடங்களைக் கொண்டு அறிவியல் பாடங்களின் குறையை மறைத்தல் இயலாது. மேலும், ஒரு பாடத்தில் ‘சி’ பெற்றவர் அதனை மீண்டும் பயின்று ‘ஏ’ பெற்றாலும், பல்கலைக்கழகம் பழைய தரத்தை நீக்கிவிட்டாலும், இவ்விண்ணப்ப அமைப்பு இரண்டையும் சேர்த்தே கணக்கிடும்.

அண்மை ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவப் பள்ளிகளில் சேர்ந்தோரின் சராசரி 3.7ஐத் தாண்டியுள்ளது. இதைக் கேட்டு முதற்பருவத்தில் தடுமாறிய மாணவர் மனம் உடைந்துபோகின்றார். கணக்கிட்டுப் பார்த்தல் நல்லது. ஒரு மாணவர் முதற்பருவத்தில் 2.7 பெறுகின்றார் எனக் கொள்வோர், அவர் அதன்பின் ஒவ்வொரு பருவத்திலும் 3.8 பெற்றால் என்னவாகும் என்பதையும் கணக்கிட வேண்டும். பருவந்தோறும் பாடச்சுமை ஒன்றேயாயின், மூன்றாம் ஆண்டு இறுதியில் அவருடைய சராசரி 3.62; நான்காம் ஆண்டு இறுதியில் 3.66. ஒரு பருவத்தின் வீழ்ச்சி மருத்துவக் கனவைக் கொன்றுவிடுவதில்லை. அவ்வீழ்ச்சியின் காரணத்தை ஆராயாமல் அதே முறையில் அடுத்த பருவத்தையும் கடக்க முயல்வதே கொன்றுவிடுகின்றது.

ஆதலால், முதற்பருவத்தில் வேதியியல், உயிரியல், இயற்பியல், நுண்கணிதம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே எடுத்துக்கொள்வது விவேகமன்று. இரண்டு அறிவியல் பாடங்களோடு தொடங்கிப் பல்கலைக்கழகத்தின் நடையைப் பழகிக்கொண்டு, பின்னர்ச் சுமையைக் கூட்டுதல் தக்கது. ஆனால் பொது வேதியியலை ஒத்திப்போடலாகாது. அதனை முடித்தால்தான் கரிம வேதியியல்; அதனை முடித்தால்தான் உயிர்வேதியியல். இச்சங்கிலி இரண்டரை ஆண்டு நீளமுடையது. பட்டம் பெற்றபின் ஓரிரு ஆண்டுகள் கழித்து மருத்துவப் பள்ளியில் சேர்வது அமெரிக்காவில் இன்று இயல்பாகிவிட்டமையால், நான்கே ஆண்டுகளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வேதியியல் என்னும் தடைக்கல்

மாணவர்கள் மருத்துவ எண்ணத்தைக் கைவிடும் இடம் எது? டோனால்டு பார் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2008இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவராகும் விருப்பத்தோடு நுழைந்த மாணவர்களுள், மருத்துவத் துறையில் குறைவாக இடம்பெற்றுள்ள சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர்களிடம் அவ்விருப்பம் மற்றவரிடத்தினும் மிகுதியாகத் தேய்ந்தது. காரணம் வினவியபோது மீண்டும் மீண்டும் வந்த விடை, வேதியியல் வகுப்பில் நேர்ந்த கசப்பான அனுபவமே. நோயாளியைப் பார்த்தோ, இரத்தத்தைக் கண்டோ அவர்கள் அஞ்சி விலகவில்லை. முதலாண்டு வேதியியல் தேர்வுத்தாள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது.

இவர்கள் அறிவு குறைந்தவர்களா? ஸ்டான்ஃபர்டில் இடம் பெற்றவர்களை அவ்வாறு கூறுதல் பொருந்தாது. அவ்வாறெனின் குறை எங்கே இருந்தது? இவ்வினாவுக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில், வேறொரு பாடத்தில், முன்னரே விடை கிடைத்திருந்தது.

பெர்க்லியில் வெளிப்பட்ட உண்மை

1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்னும் கணித ஆய்வு மாணவர் ஒன்றைக் கண்டார். பள்ளியில் நன்கு பயின்று வந்த கறுப்பின மாணவர்கள் பலர் முதலாண்டு நுண்கணிதத்தில் தோல்வியுற்றனர். சீன அமெரிக்க மாணவர்களோ அதே பாடத்தில் சிறந்து விளங்கினர். ஊக்கமின்மை, வறுமை, பெற்றோரின் அக்கறையின்மை, பள்ளி அடித்தளக் குறைவு எனப் பேராசிரியர்கள் பல காரணங்களைக் கூறினர். ட்ரைஸ்மன் இரு பிரிவிலிருந்தும் இருபது இருபது மாணவர்களைத் தேர்ந்து, அவர்கள் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை அவர்களுடன் பழகி நேரிலேயே கண்டறிந்தார். பேராசிரியர்கள் கூறிய காரணங்களுள் ஒன்றும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்களின் பெற்றோர் பிள்ளைகளின் கல்விக்காகப் பெரும் தியாகம் செய்தவர்கள், மாணவர்களும் உழைப்பாளிகள்.

வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். கறுப்பின மாணவர்கள் தனியே படித்தனர். வாரத்துக்கு எட்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதை அப்படியே கடைப்பிடித்தனர். தாம் தவறுவது பாடம் கடினமாக இருப்பதாலா, தம்மிடம் உள்ள குறையாலா என்று அறிய அவர்களுக்கு வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அருகில் எவரும் இல்லை. சீன மாணவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் படித்தனர். அதில் பெரும்பகுதி தனிமையில். எஞ்சிய நான்கு முதல் ஆறு மணி நேரம் நண்பர்களோடு. ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் சரிபார்த்தனர். பழைய தேர்வுத்தாள்களைச் சேர்ந்து தீர்த்தனர். தாம் எவ்விடத்தில் நிற்கின்றோம் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர்.

பின்னர் ட்ரைஸ்மன் குழுப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். அவை பின்தங்கியோருக்கான சீர்திருத்த வகுப்புகளாக அமையவில்லை. வகுப்பில் தரப்படுவனவற்றினும் கடினமான கணக்குகளை மாணவர்கள் கூடித் தீர்க்கும் இடமாகவே அமைந்தன. அவற்றில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் தேர்வில் பிறருக்கு இணையாக எழுந்தனர். மாணவர்கள் மாறவில்லை, படிக்கும் முறை மாறியது.

சேவியர் காட்டிய வழி

இவ்வுண்மையை ஒரு பல்கலைக்கழகமே தன் கொள்கையாகக் கொண்டது. லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள சேவியர் பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்களுக்காக அமைந்த சிறிய கத்தோலிக்க நிறுவனம். செல்வச் செழிப்பில்லாத நிறுவனம் அது. ஆயினும், மிக அதிகமான கறுப்பின மாணவர்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அனுப்பும் அமெரிக்க நிறுவனங்களின் முன்வரிசையில் அது பல ஆண்டுகளாக நிற்கின்றது. 1968 முதல் 2015 வரை அதன் தலைவராயிருந்த நார்மன் ஃபிரான்சிஸ் காலத்தில், ஜே.டபிள்யூ. கார்மைக்கல் என்னும் வேதியியல் பேராசிரியர் அங்கே முன்மருத்துவ மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருந்து இம்முறையை வளர்த்தார்.

பல பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு அறிவியல் வகுப்பு, வல்லவரையும் அல்லாதவரையும் பிரிக்கும் சல்லடையாகவே பயன்படுகின்றது. சேவியரில் அவ்வகுப்பு ஏணியாக அமைக்கப்பட்டது. ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர் அனைவரும் ஒரே பயிற்சி நூலைப் பின்பற்றினர். அடிக்கடி சிறு தேர்வுகள் நடத்தப்பட்டமையால், பருவ இறுதியில் தெரியவேண்டிய குறை அதன் தொடக்கத்திலேயே தெரியலாயிற்று. மாணவர்கள் சேர்ந்து படிக்குமாறு பணிக்கப்பட்டனர். முன்னேறியவர் பின்தங்கியவருக்கு விளக்கினர். 2005 ஆகஸ்டில் கத்ரீனாப் புயல் அவ்வளாகத்தை நீரில் மூழ்கடித்தது. 2006 ஜனவரியிலேயே சேவியர் மீண்டும் வகுப்புகளைத் தொடங்கிற்று.

சிறுபான்மைச் சமூகமாய் வாழும் தமிழர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. இங்குள்ள பிள்ளைகள் பலர் துணைப்பாட வகுப்பில் தனி ஆசிரியரிடம் பயின்று, தனியறையில் படித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போட்டியாளராகக் கருதி வளர்க்கப்படுகின்றனர். பள்ளித் தேர்வுக்கு அது உதவலாம். பல்கலைக்கழகத்தில் அது துணை செய்வதில்லை. ஒருவர் கற்றதை இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் தமக்குப் புரியாத இடம் எது என்பது அவருக்கே புலனாகின்றது. முன்னர்க் குறிப்பிட்ட டியூக்-என்.யு.எஸ். பள்ளியிலும் கற்பித்தல் இவ்வடிப்படையிலேயே அமைந்துள்ளது. மாணவர்கள் பாடத்தை முன்கூட்டியே படித்து வருவர். வகுப்பில் முதலில் தனித்தனியே வினாக்களுக்கு விடையளிப்பர். பின்னர் அதே வினாக்களைக் குழுவாகக் கூடி விவாதித்து விடை காண்பர். இளங்கலையிலேயே இப்பழக்கத்தைக் கைக்கொண்டவருக்கு மருத்துவப் பள்ளி அந்நியமாய் இராது.

மீண்டும் படித்தலும் நினைவுகூர்தலும்

தனியே படிக்கும் நேரத்தையும் பயனுள்ளதாக்க வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் குறிப்புகளை மஞ்சள் மையால் கோடிட்டு, மீண்டும் மீண்டும் வாசிப்பதையே படிப்பு எனக் கொள்கின்றனர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்களான ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை இதனை ஆராய்ந்தது. ஒரு பிரிவு மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை தரப்பட்ட நேரத்திலும் வாசித்துக்கொண்டே இருந்தனர். சராசரியாகப் பதினான்கு முறை அதனைப் படித்து முடித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு வேளை மட்டும், சராசரியாக மூன்று நான்கு முறை வாசித்துவிட்டு, எஞ்சிய மூன்று வேளைகளிலும் தாளை மூடிவைத்து நினைவிலிருந்தே எழுதினர்.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, வாசித்தவர்களே முந்தினர். அவர்கள் 83 விழுக்காடும் மற்றவர் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்தோ நிலை தலைகீழாயிற்று. திரும்பத் திரும்ப வாசித்தவர் 40 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதியவர் 61 விழுக்காடும் கூறினர். தேர்வுக்கு முந்திய இரவில் வாசித்து, காலையில் எழுதி, அடுத்த வாரம் மறந்துபோகும் மாணவரின் நிலையை இச்சோதனை அப்படியே காட்டுகின்றது. இறுதித் தேர்வோடு மறந்துவிட்ட வேதியியல், இரண்டாண்டு கழித்து வரும் மருத்துவ நுழைவுத் தேர்வில் கைகொடுக்காது.

ஆகவே, ஒவ்வொரு வகுப்பும் முடிந்த அன்றே நூலை மூடிவைத்து, நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். விடுபட்டதை மட்டும் நூலில் பார்த்துத் திருத்த வேண்டும். சில நாள் கழித்தும், ஓரிரு வாரம் கழித்தும் மீண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். இது வாசிப்பதைவிடக் கடினமாகத் தோன்றும். அக்கடினமே கற்றலின் அடையாளம்.

கரிம வேதியியலை நெருங்கும் முறை

முன்மருத்துவ மாணவர் மிகவும் அஞ்சும் பாடம் கரிம வேதியியல். நூற்றுக்கணக்கான வினைகளை மனப்பாடம் செய்ய முயல்வோர் அதில் மூழ்கிப்போகின்றனர். அப்பாடத்தின் உட்கருத்து எளியது. எலெக்ட்ரான்கள் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கி நகர்கின்றன. எடுத்துக்காட்டாக, கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இணைந்திருக்கும்போது ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். கார்பன் அவற்றுக்காக ஏங்கி நிற்கும். எலெக்ட்ரான் மிகுந்த இன்னோர் அணு அக்கார்பனைத் தாக்கும். இவ்வொரு கருத்தை உணர்ந்தவருக்குப் பல அத்தியாயங்கள் ஒரே அத்தியாயமாய்ச் சுருங்கிவிடும்.

மருத்துவத்துக்கு இது எதற்கு என்று வினவுவோரும் உளர். பெனிசிலின், பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் நொதியை முடக்குவது இத்தகைய வினையாலேயே. ஆஸ்பிரின், வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான பொருள்களை உண்டாக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்வதும் இவ்வாறே. தாளில் அம்புக்குறி வரைந்து பழகும் மாணவர், மருந்து உடலுக்குள் செய்யும் வேலையையே வரைந்து பழகுகின்றார்.

நுழைவுத் தேர்வு

எம்கேட் எனப்படும் மருத்துவ நுழைவுத் தேர்வு 2015 முதல் இப்போதைய வடிவில் நடைபெறுகின்றது. இடைவேளைகளோடு ஏறத்தாழ ஏழரை மணி நேரம் நீளும் இத்தேர்வில் 230 வினாக்கள் உள்ளன. வேதியியலும் இயற்பியலும், உயிரியலும் உயிர்வேதியியலும், உளவியலும் சமூகவியலும், வாசித்துத் திறனாய்தல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528 வரை புள்ளிகள். அண்மையில் அமெரிக்கப் பள்ளிகளில் சேர்ந்தோரின் சராசரி 511ஐ ஒட்டியது. ஓர் ஆண்டில் மூன்று முறையும் வாழ்நாளில் ஏழு முறையும் மட்டுமே எழுதலாம். டியூக்-என்.யு.எஸ். பள்ளி எம்கேட் அல்லது காம்சாட் தேர்வின் புள்ளிகளை ஏற்கின்றது.

அறிவியலில் வல்லவரான ஆசிய மாணவர் பலரும் சறுக்கும் பகுதி வாசித்துத் திறனாய்தலே. மெய்யியல், கலை, வரலாறு, சமூகம் எனப் பல துறைக் கட்டுரைகளைப் படித்து, 90 நிமிடங்களில் 53 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். முன்னறிவு எதுவும் தேவையில்லை. ஆசிரியர் கூறுவதையும் கூறாது உணர்த்துவதையும் பிரித்தறியும் திறன் வேண்டும். மூன்று மாதப் பயிற்சியில் இத்திறன் வந்துவிடாது. முதலாண்டு தொடங்கி நாள்தோறும் ஒரு கனமான கட்டுரையேனும் வாசிக்கும் பழக்கமே இதற்கு மருந்து.

பெற்றோர் கவனத்துக்கு

பணம் செலவிடும் முன் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அமெரிக்க மருத்துவப் பள்ளிகளுள் பெரும்பாலானவை அயல்நாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்ப்பனவற்றுள் சில, படிப்புச் செலவுக்கான பணம் இருப்பதற்குச் சான்று கேட்கும். அந்நாட்டு அரசின் கல்விக் கடன் அயல்நாட்டவருக்குக் கிடைப்பதில்லை. அங்கே முன்மருத்துவம் பயின்றால் அங்கேயே மருத்துவம் பயிலலாம் என்னும் நம்பிக்கையில் வீட்டை அடகு வைத்தல் ஆகாது. திரும்பி வந்து தொழில் செய்ய விரும்புவோர், சிங்கப்பூர் அல்லது மலேசிய மருத்துவ மன்றம் எப்பட்டங்களை ஏற்கின்றது என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, ஆசிரியரை அணுகும் பழக்கம். அமெரிக்கப் பேராசிரியர்கள் மாணவரைச் சந்திப்பதற்கென வாரந்தோறும் நேரம் ஒதுக்கி அறிவிக்கின்றனர். ஆசிரியரிடம் ஐயம் வினவுவதை மரியாதைக் குறைவாகவோ, அறியாமையை வெளிக்காட்டுவதாகவோ எண்ணி வளர்ந்த பிள்ளைகள் அவ்வறையின் வாயிலை மிதிப்பதில்லை. முதல் தேர்வில் தவறிய உடனே விடைத்தாளோடு பேராசிரியரைப் பார்க்கச் செல்பவர், அடுத்த தேர்வில் திருந்துகின்றார். பின்னாளில் அவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப் போகின்றவரும் அப்பேராசிரியரே.

பிள்ளை இவ்வாறு உதவி நாடுவதற்கு முதற்பயிற்சி வீட்டில்தான் தொடங்குகின்றது. குறைந்த மதிப்பெண்ணைக் காட்டினால் ஏச்சும் ஒப்பீடுமே கிடைக்கும் என்று பள்ளிப் பருவத்திலேயே கற்றுக்கொண்ட பிள்ளை, கடல் கடந்து சென்ற பின்பும் தன் தோல்வியை மறைத்துக்கொள்ளும். முதற்பருவத்தில் மறைத்த தோல்வி மூன்றாம் பருவத்தில் பெருகித் தெரியவரும்போது, திருத்திக்கொள்ளும் காலம் கடந்திருக்கும். ‘வகுப்பில் எத்தனையாவது இடம்?’ என்னும் கேள்வியை விடுத்து, ‘எது புரியவில்லை? யாரிடம் கேட்டாய்? யாரோடு சேர்ந்து படிக்கின்றாய்?’ என்று கேட்கும் பெற்றோர், எந்தத் துணைப்பாட வகுப்பும் தராத துணையைப் பிள்ளைக்குத் தந்தவராவர்.

சமூக அமைப்புகளும் ஆலயங்களும் இதற்கு உதவ முடியும். வார இறுதியில் ஒரு மண்டபம், நான்கு மேசைகள், ஒரு வெண்பலகை, ஏற்கெனவே அறிவியல் பயிலும் ஓரிரு மூத்த மாணவர்கள் ஆகியவை இருந்தால் போதும். படிவம் ஆறு மாணவரும் பல்கலைக்கழக முதலாண்டு மாணவரும் அங்கே கூடி ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

மருத்துவர் எவரும் தனித்து நின்று நோயைத் தீர்ப்பதில்லை. தாதியரும், மருந்தாளரும், பிற மருத்துவரும் கூடியே ஓர் உயிரைக் காக்கின்றனர். தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு, தெரிந்தவரை வினவும் மருத்துவரிடமே நோயாளி பாதுகாப்பாக இருக்கின்றார். அப்பண்பினை இளங்கலை வகுப்பறையிலேயே பழகிக்கொள்ளும் மாணவர்கள் இச்சமூகத்தில் பலராக உருவாகட்டும். அவர்கள் மேற்கொள்ளும் முயற்சி யாவும் வெற்றி பெறுக.